பால் பூத் போர்டும் ஜூலை பதினான்கும்

ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையின் மேல் சாக்பீஸ் ஓடும்போது எழுகிற அந்தக் கிறீச் சத்தமும், கூடவே மூக்கில் ஏறுகிற சுண்ணாம்பு வாசனையும் எனக்கு இன்றைக்கும் குமட்டலைத்தான் கொண்டுவருகின்றன. நல்லவேளை, படித்து முடித்ததும் வாத்தியார் வேலைக்குப் போகவில்லை, போயிருந்தால் தினமும் வாந்திதான் எடுத்திருப்பேன். சின்ன வயது ஞாபகம் என்றால் எல்லோருக்கும் கமர்கட்டும் கோலிகுண்டும் வரும் போலிருக்கிறது. எனக்கு வருவது ஆவடி குவார்ட்டர்ஸ் பால் பூத்தின் சுவரில் மாட்டியிருந்த ஒரு போர்டும், அதில் தினமும் விடிவதற்குள் எழுதிவிட்டுப் போகிற தணிகாசலம் என்கிற மனுஷனும்தான். அந்த ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று சமீபத்தில் என்னிடமே கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நாலு வார்த்தை நல்லதாக வருமா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாட ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். எங்கள் பி பிளாக்கில் தஞ்சாவூர்க்காரர்கள், சேலத்துக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள் என்று தமிழ்நாடே குடியிருந்தது. தணிகாசலம் மட்டும் இந்த மண்ணுக்காரர்; அவருடைய அப்பா காலத்து நிலத்தில்தான் பாதி குவார்ட்டர்ஸ் நிற்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட், குவார்ட்டர்ஸில் மனமகிழ் மன்றத்துச் செயலாளர். மன்றம் என்பது ஒரு கேரம் போர்டும் காற்றுப்போன வாலிபாலும்தான். யார் மனம் மகிழ்ந்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

மன்றத்து அறிவிப்புக்காக மாட்டிய போர்டு அது. பொங்கல் கோலப்போட்டி, ரத்ததான முகாம் என்று எப்போதாவது ஏதாவது எழுதுவார்கள், மற்ற நாளில் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்த போர்டில் தணிகாசலம் ஒருநாள் 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு, உலக வரலாற்றில் அன்றைய தேதியில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதி, அதற்குக் கீழே தன் கைச்சரக்காக ஒரு வரியைச் சேர்த்தார். லைப்ரரியிலிருந்து எடுத்த பொது அறிவுப் புத்தகம் ஒன்று நிரந்தரமாக அவர் வீட்டிலேயே இருந்தது; சம்பவத்துக்கு அது போதும், நக்கலுக்கு அவரே போதும். விடியற்காலையில் பால் வாங்க வருகிறவர்கள் பை, கூடை, செங்கல் என்று எதையாவது வைத்து வரிசையில் இடம் பிடித்துவிட்டுச் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்கிறவனுக்குச் சுவரில் எது எழுதியிருந்தாலும் சுவாரசியம்தான். பிறகு முதல் சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஆக, காலை ஏழு மணிக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க அதைப் படித்திருக்கும்.

பொய் சொல்லக்கூடாது, அந்த ஆளுக்கு நக்கல் வரும். ஏப்ரல் பதினைந்தில் 'இதே நாளில், மூழ்கவே மூழ்காது என்று சொன்ன கப்பல் மூழ்கியது. நம் குவார்ட்டர்ஸ் மேல்தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டர்தான் அதையும் கட்டினார் என்று தெரிகிறது' என்று எழுதினார். ஜூலை இருபதில் 'இதே நாளில் மனிதன் நிலவுக்குப் போய்ச் சேர்ந்தான். பூந்தமல்லி பஸ் இன்னும் வந்து சேரவில்லை.' பெர்லின் சுவர் இடிந்த மறு வருஷம் அதே தேதியில், சி பிளாக் கக்கூஸ் சுவர் அதற்கு முன்பே இடிந்துவிட்டது, உலகம்தான் கவனிக்கவில்லை என்றார். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி வாட்டர்லூவில் தோற்ற நாளில், கேன்டீன் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போனால் இப்படித்தான் ஆகும் என்றார். நானும் பால் கவரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராஜாக்களையும் கப்பல்களையும் கிண்டல் செய்வதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ராஜாவைப் பற்றி எழுதினால் புன்னகைக்கிற சனம், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எழுதினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது என்பதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு குவார்ட்டர்ஸ் சம்பவங்களும் வரலாற்றில் சேர்ந்துகொண்டன. டி பிளாக் சூப்பர்வைசர் பெண்டாட்டியிடம் துடைப்பத்தால் அடிவாங்கிய நாள், யாரோ ஒருவர் குடித்துவிட்டுத் தன் வீடென்று நினைத்து மேல்மாடி வீட்டில் போய்ப் படுத்த நாள், பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பையன் அழுதுகொண்டே சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த நாள். பெயர் போடமாட்டார், பிளாக்கைப் போடுவார், அது போதாதா? வருஷம் திரும்பி அதே தேதி வரும்போது அதே சம்பவம் புதிய நக்கலோடு மறுபடியும் போர்டில் ஏறும். ஒரு குடும்பம் மறக்கப் பார்ப்பதை நாள் தவறாமல் ஞாபகப்படுத்துவதற்கு ஒரு ஆள், அவருக்கு மன்றத்துச் செலவில் சாக்பீஸ்! எங்கள் அம்மாக்களுக்கு அது ஒரு மிரட்டலாகவே ஆகிப்போனது. சத்தமாகச் சிரித்தால், இருட்டிய பிறகு வந்தால், "போர்டுல ஏறப் போறடி" என்பார்கள். தணிகாசலத்தின் வீட்டில் மட்டும் எந்தத் தேதியிலும் ஒரு சம்பவமும் நடந்ததே கிடையாது.

என் அக்கா செண்பகம் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நல்ல மார்க். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போடவேண்டும் என்று கேட்டபோது, "ராத்திரி டூட்டி பாக்குற வேல நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா அடுப்படிக்குப் போய் மாவாட்டினாள்.

அந்த வருஷம் ஜூலை பதினான்காம் தேதி காலையில் அக்கா வீட்டில் இல்லை. அம்மா மொட்டைமாடியில் தேடினாள், குழாயடியில் தேடினாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பா ஷிப்டுக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார், பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அதோடு நின்றிருக்கக்கூடாதா? பால் பூத்தில் நின்று, "எங்க செண்பகத்தப் பாத்தீங்களா" என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் கேட்டுவைத்தார். பதற்றத்தில் மனுஷனுக்குப் புத்தி எங்கே போகும்? எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கவேண்டிய விஷயத்தை, குவார்ட்டர்ஸிலேயே தெரியக்கூடாத இடத்தில் அவரே கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா தானாகவே நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா இரண்டு அறை விட்டாள். "யாரோட போன?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றாள் அக்கா. அம்மா மறுபடியும் அதையே கேட்டாள், அக்கா மறுபடியும் அதையே சொன்னாள்.

அன்று பிரெஞ்சு மக்கள் பாரிஸ் சிறைச்சாலையை உடைத்த தினம். காலையிலேயே அதை எழுதி, நம் ஃபேக்டரி கேட்டையும் யாராவது உடைத்தால் தேவலை என்று ஒரு வரி சேர்த்திருந்தார் தணிகாசலம். மறுநாள் நான் பாலுக்குப் போனபோது சிறைச்சாலை வரி அழியாமல் அப்படியே இருந்தது, அந்த இரண்டாவது வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில் புதிதாக எழுதியிருந்தது: 'நம்ம பி பிளாக் ஜெயிலிலிருந்தும் நேற்று ஒரு கைதி தப்பித்தது. வெளியில் சாப்பாடு சரியில்லை போலும், சாயங்காலமே தானாக உள்ளே வந்துவிட்டது.'

வரிசை முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அதில் ஒரு அம்மாள் எங்கள் வீட்டில் வந்து தினமும் ரசப்பொடி கடன் வாங்கிப்போகிறவள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நான் 'கைதி தங்கச்சி' ஆனேன். அக்கா பால் பூத் பக்கமே போகாமல் ஆனாள். கோயிலுக்குப் போவதென்றாலும் பின்பக்கத்துச் சந்தைச் சுற்றிப் போவாள். அடுத்த வருஷம் ஜூலை பதினான்கு வந்தது, கைதியும் போர்டுக்கு வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அந்தக் கைதி யாரோடு தப்பித்தது என்பதற்குக் குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருவர் ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னார், ஒருவர் பைக்கில் பார்த்ததாகச் சொன்னார், பைக் என்ன கலர் என்பதுவரை சொன்னார்கள். வந்த இரண்டு வரன்கள் ஆவடி ஸ்டேஷனோடு திரும்பிப்போயின.

பிறகு சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், அக்காவின் போட்டோவைப் பார்த்தே பையனுக்குப் பிடித்துவிட்டதாம். ஆடி பிறந்துவிட்டால் பெண் பார்க்க வரமாட்டார்கள், ஆவணிவரை தள்ளிப்போகும், அதற்குள் யாராவது எதையாவது ஓதிவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ஆனி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தாள். பஞ்சாங்கம் பார்த்தாள், சந்திராஷ்டமம் பார்த்தாள், ஞாயிறு ராகுகாலம் சாயங்காலம்தானே என்று காலை பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டாள். தமிழ்த் தேதியாகவே பார்த்துப் பார்த்து முடிவு செய்தவள், இங்கிலீஷ் தேதியைப் பார்க்கவே இல்லை. முதல்நாள் அக்காதான் காலண்டரில் ஜூலை பதினான்கைக் காட்டினாள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாள் குறித்துச் சொல்லியாகிவிட்டது. மாற்றினால் சகுனத்தடை என்பார்கள். பையன் வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்குவதோ பால் பூத்துக்கு எதிரில்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனாள். யாரிடமும் கைநீட்டாத எங்கள் அம்மா அன்று அந்த ஆளுக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பிள்ளையப் பாக்க வாராக. இந்த ஒரு வருசம் மட்டும் அத எழுதாம விட்டிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னாமா இது, இதுக்குப் போய் கையெடுத்துக் கும்பிட்டுகினு" என்று சிரித்தார். "நான் அத எழுதல, போதுமா? நீ நிம்மதியா ஊட்டுக்குப் போ."

அம்மா அதை நம்பினாள். வழியெல்லாம், அந்த ஆள் நாம் நினைத்தபடி இல்லை, நல்ல மனுஷன்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் விருந்தாளிகளை அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். பட்டுப்பாவாடையும் கனகாம்பரமுமாகப் போய் நின்றேன். போர்டைச் சுற்றி வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு கிடையாது, பால் வாங்கிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் சொன்ன சொல் தவறவில்லை, கைதியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. இப்படி எழுதியிருந்தார்:

'இதே நாளில் உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பி பிளாக்கிலும் ஒன்றும் நடக்கவில்லை. நம்பவும்.'

கட்டையில போறவன்! அம்மா அவரைத் திட்டிய வார்த்தை இது. அப்போது அவள் வாயில் கேட்க அசிங்கமாக இருந்தது, இப்போது என் வாயிலேயே வருகிறது. பழையதையே எழுதியிருந்தால்கூடப் பாதிப் பேர் அலுத்துப்போய்ப் படிக்காமல் போயிருப்பார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் பையனின் தாய்மாமன். கூட்டத்தைப் பார்த்தார், போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார், பக்கத்தில் நின்றவரிடம் இது என்ன சமாசாரம் என்று விசாரித்தார். சொல்வதற்கு ஆளுக்கா பஞ்சம்? என் கண் எதிரிலேயே சொன்னார்கள், பைக்கையும் விடவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காப்பி நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா பச்சைப் புடவையில் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு நின்றாள். பெண்ணிடம் ஏதாவது கேட்கவேண்டுமானால் கேளுங்கள் என்று அப்பா சம்பிரதாயத்துக்குச் சொன்னார். தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, மூணு வருசத்துக்கு முன்னால இதே நாள்ல எங்க போயிருந்த?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா மட்டும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"எழும்பூருக்கு. நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ. கூப்பிட்டாங்க, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன், சேத்துக்கறோம்னாங்க. அப்பா கையெழுத்து வேணும்னாங்க. திரும்பி வந்துட்டேன்."

அப்பாவுக்குத் தெரியாமல் எப்படி விண்ணப்பம் போட்டாள், யார் உதவினார்கள் என்று நாங்கள் யாருமே அறிந்திருக்கவில்லை. அவர்களுக்கு அதுவல்ல வேண்டியது. யாரோடு போனாய் என்று பையனின் அத்தை மெதுவாகக் கேட்டாள். தனியாகத்தான் என்றாள் அக்கா. அத்தை மற்றவர்களைப் பார்த்தாள், மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள். சென்னீர்குப்பம் என்ன சீமையிலா இருக்கிறது, பஸ்ஸில் ஏறினால் அரைமணி. அந்தத் தகவல் இன்றுவரை வரவில்லை.

அவர்கள் போனபிறகு அம்மா பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தணிகாசலத்தின் வம்சத்தையே இழுத்துச் சபித்துக்கொண்டிருந்தாள். அக்கா பச்சைப் புடவையை மடித்துக்கொண்டே, "வந்தவங்களாவது எங்க போனன்னு கேட்டாங்கம்மா" என்றாள். அப்பா செய்தித்தாளை எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். மறு மாதமே இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டார்.

அக்காவுக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று. ஆவடி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாத கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், தங்கமான அத்தான். நர்ஸ் படிப்பு மட்டும் போனது போனதுதான். இப்போது ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் பிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மகன் வேலைக்குப் போகிறான்.

இந்த வருஷம் பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸப்பில் குழு ஆரம்பித்து, வேலப்பன்சாவடியில் ஒரு மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். ஒரு மலர் வெளியிடுகிறோம், பால் பூத் போர்டைப் பற்றி இனிமையாக ஒரு கட்டுரை வேண்டும், தணிகாசலம் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்றார்கள். இனிமையாம்! எழுதித் தரவில்லை, ஆனால் நேரில் போனேன். மேடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பல் இல்லை, தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. நான் அருகில் போய்க் குனிந்து, ஜூலை பதினான்கு, சிறைச்சாலை, பி பிளாக் கைதி, 'நம்பவும்' என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வருஷக்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகள் அடுத்து வரவேண்டும். அதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, பொன்னாடையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நானா எழுதினேன்? சோக்கா எழுதிக்கீறேனே" என்றார். "அது யாருமா, அந்தப் பொண்ணு?"

நான் சொல்லவில்லை. அந்த வாயில் அக்காவின் பெயர் இன்னொரு தரம் நுழைய வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாவம் வயசாயிடுச்சு, ஒன்றும் நினைவில்லை என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். பாவமா? செய்தவனுக்கு மறதி கிடைத்ததை நினைத்தால் எனக்கு வயிறுதான் எரிகிறது.

திரும்பும் வழியில் ஆவடிக்குள் போய்ப் பார்த்தேன். எங்கள் பிளாக்குகளில் ஆளில்லை, ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், வாசலில் வேலிக்காத்தான் வளர்ந்து கிடக்கிறது. பால் பூத் இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. சுவரே புதிது. ஒரு துளி வருத்தமும் எனக்கு வரவில்லை.

போன மாதம் அக்காவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவளுக்கு நான்தான் போரூரில் ஒரு பல் டாக்டரிடம் போன் பண்ணி நேரம் வாங்கினேன். அவர் ஜூலை பதினான்காம் தேதி காலை வரச்சொன்னார். சொன்னதும் அக்கா, "அன்னிக்கு நான் வெளிய போறதில்லடி, உனக்குத் தெரியாதா" என்றாள், எனக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரிந்திருந்தது; கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான், ஏனென்று கேட்டதில்லை என்றார். பதினைந்தாம் தேதி காலைவரை கிராம்பைக் கடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.